இரவு இரண்டரை மணிக்குத் தலை எண்ணுவது யார்? மெந்தாவாய் சர்ஃபிங் படகுப் பயணம்: ஒரு நிகழ்வு ஆய்வு

2013 ஏப்ரல் 17, அதிகாலை. இந்தோனேசியாவில், சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள படாங்கிலிருந்து முந்தின நாள் கிளம்பிய ஒரு சர்ஃபிங் (அலைச்சறுக்கு) படகு மெந்தாவாய் தீவுகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. மழை, காற்று, புரட்டியெடுக்கும் கடல். உள்ளே தென்னாப்பிரிக்க நண்பர்கள் குழு ஒன்று. கரையில் சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கொள்ளாமல் சிலருக்கு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. அவர்களில் 50 வயதுக்காரர் ஒருவர் இரவு இரண்டரை மணிவாக்கில் வாந்தியெடுக்க வெளியே வந்தார். விளிம்புக் கம்பியில் சாய்ந்தார். கண் இருட்டியது. நினைவு திரும்பியபோது அவர் கடலில் கிடந்தார், படகின் விளக்கு தள்ளித் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது.

கத்தினார். எஞ்சின் சத்தத்திலும் மழையிலும் யாருக்குக் கேட்கும்? படகில் யாருக்கும் தெரியவில்லை. விடிந்த பிறகுதான் ஒரு ஆள் குறைகிறது என்று தெரிந்தது. படகு திரும்பியது, தேடியது. தேடி வந்த படகு தன்னைக் கடந்து போனதை அவரே பார்த்ததாகப் பின்னர் சொன்னார். அந்த மழையில் அவர்கள் கண்ணில் இவர் படவில்லை. அன்று முழுப் பகலும், அடுத்த இரவும் மிதந்தார். ஜெல்லிமீன் கொட்டியது, கடற்பறவைகள் கொத்தின. 28 மணி நேரத்துக்கும் மேல் கழிந்து, மறுநாள் காலை ‘பேரன்ஜோயி’ என்ற வேறொரு சர்ஃபிங் படகு அவரைக் கண்டெடுத்தது. அந்தப் படகின் ஆஸ்திரேலியக் கேப்டன் அந்தக் கடலில் பல ஆண்டு பழகியவர். நீரோட்டம் எங்கே இழுத்துப் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுத் தேடினார். படகில் இருந்த பயணிகளும் தங்கள் சர்ஃபிங்கை விட்டுவிட்டுக் கண்காணிக்க நின்றார்கள்.

இந்தச் செய்தியை எல்லாரும் ஒரு மனிதனின் மன உறுதிக் கதையாகத்தான் சொல்கிறார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஜூனில் சென்னைப் பக்கத்துக் கோவளத்திலிருந்து எங்கள் குழு எட்டுப் பேர் மெந்தாவாய் போவதாக இருக்கிறோம், திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. அதனால் எனக்கு இந்தச் சம்பவம் வேறு மாதிரி தெரிகிறது. அவர் விழுந்தது அலையில் அல்ல. இன்னும் ஒரு அலைகூட ஏறவில்லை. பயணத்தின் முதல் இரவிலேயே விழுந்தார். நாங்கள் மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருந்ததோ எந்த அலைக்கு எந்தப் போர்டு என்பதைத்தான்.

ஏன் படகு, ஏன் இரவு

மெந்தாவாய் என்பது சுமத்ரா கரைக்கு மேற்கே சுமார் 150 கி.மீ. தள்ளிக் கிடக்கும் தீவுத் தொடர். சிபெருட், சிபோரா, வடக்குப் பாகாய், தெற்குப் பாகாய் என்று பெரிய தீவுகள் நான்கு. சுற்றிலும் சின்னத் தீவுகள் ஏராளம். நல்ல அலைகள் இந்தத் தொடர் முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சிபோராவின் தென்முனையில் காட்டியெட் கிராமத்துக்கு முன்னால் லான்சஸ் ரைட் என்ற அலை. 1991-இல் அங்கே வந்து சேர்ந்த லான்ஸ் நைட் என்ற ஆஸ்திரேலியரின் பெயர் அது. வடக்குப் பாகாயில் மக்காரோனிஸ். வடக்கே பிளேகிரவுண்ட்ஸ் பகுதியில் ரைஃபிள்ஸ் உள்ளிட்ட ஒரு கொத்து. காற்று திரும்பினால் ஒன்று கெட்டு இன்னொன்று நன்றாகிவிடும். கரையில் அறை எடுத்துத் தங்கினால் பக்கத்தில் இருக்கும் இரண்டு மூன்று அலைகள்தான் கிடைக்கும். படகில் இருந்தால் நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு நல்ல அலை இருக்கும் இடத்துக்குப் போய்விடலாம். எட்டு முதல் பன்னிரண்டு பேர், பத்துப் பன்னிரண்டு இரவு, படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம். வழக்கம் இதுதான்.

இந்த அலைகள் பிறப்பது மெந்தாவாயில் அல்ல. தெற்கு இந்தியப் பெருங்கடலில், தெற்கு அட்சரேகை 40 பாகைக்கும் கீழே, புயல்கள் வரிசைகட்டிச் சுழலும் இடத்தில் பிறந்து, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வருகின்றன. குமரிக்கடலோரத்தில் காற்றே இல்லாத நாளில் திடீரென்று கடல் ஏறி வருமே, ‘கள்ளக்கடல்’, அதுவும் அதே வீட்டுப் பிள்ளைதான். 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை இழுத்துக்கொண்டு போனது அந்த வகைக் கடல். அங்கே சாவாக வருவது மெந்தாவாயில், சரியான கோணத்தில் வளைந்த பவளப்பாறையில் மோதும்போது, உலகம் முழுக்க ஆட்கள் காசு கொடுத்துத் தேடி வரும் அலையாகிறது. தெற்கில் குளிர்காலம் நடக்கும் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பருவம். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் அலை பெரிது. பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் காற்றின் தொல்லை குறைவு.

சரி, இரவில் ஏன் கடக்க வேண்டும்? படகு மணிக்கு எட்டு, ஒன்பது கடல் மைல்தான் போகும். கடக்கப் பத்து மணி நேரமாவது ஆகும். பகலில் போனால் ஒரு நாள் வீண். இரவு கிளம்பினால் எல்லாரும் தூங்கி எழும்போது முன்னால் அலை. பணம் கொடுத்தவருக்கும் மகிழ்ச்சி, படகுக்காரருக்கும் மகிழ்ச்சி.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுமத்ராவின் மேற்குக் கரை வானிலைக்கு ஒரு தினசரிப் பழக்கம் உண்டு. பிற்பகலில் மலைகளின் மேல் மேகம் திரளும், மாலையில் நிலத்தில் கொட்டும், இரவில் அந்த மழை மேகக்கூட்டம் கரையை விட்டுக் கடல் பக்கமாக நகரும். அதாவது, படாங்கிலிருந்து மாலையில் கிளம்பும் படகும் மழையும் ஒரே திசையில், ஒரே நேரத்தில் பயணம் செய்கின்றன. தினமும் புயல் அடிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் ‘அன்றைக்கென்று பார்த்து மழை’ என்று சொல்லவும் முடியாது. அதிர்ஷ்டம் கெட்டவன் மேல் அன்று பெய்ததல்ல அந்த மழை. அங்கே அது கால அட்டவணையிலேயே இருக்கிறது.

அந்த இரவின் கணக்கு

ஒரு ஆள் கடலில் விழுந்தால் அவரைச் சீக்கிரம் கொல்லக்கூடியது குளிர். மெந்தாவாய் நீரிணையில் தண்ணீர் 28, 29 பாகை செல்சியஸ் வெதுவெதுப்பாக இருப்பதால்தான் அவரால் ஒரு நாளுக்கு மேல் தாங்க முடிந்தது. ஐரோப்பாவின் வடகடலாக இருந்தால் சில மணி நேரத்துக்கு மேல் தாங்கியிருக்க மாட்டார். வெப்பமண்டலக் கடல் அவகாசம் தருகிறது. தேடுகிறவர்களுக்கு எங்கே தேடுவது என்று தெரிந்தால்தான் அந்த அவகாசத்தால் பயன்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். எண்கள் நான் எடுத்துக்கொண்டவை, அந்தப் படகின் பதிவேட்டிலிருந்து எடுத்தவை அல்ல. படகின் வேகம் மணிக்கு 8 கடல் மைல். கடைசியாக அந்த ஆளை இரவு பத்து மணிக்குப் பார்த்தோம், காலை ஏழு மணிக்குக் காணவில்லை என்று தெரிகிறது என்றால், இடையில் ஒன்பது மணி நேரம், 72 கடல் மைல், கிட்டத்தட்ட 133 கி.மீ. நீளக் கோடு. அதில் எங்கே வேண்டுமானாலும் விழுந்திருக்கலாம். போதாததற்கு நீரோட்டம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டே இருக்கும். தண்ணீருக்கு வெளியே தெரிவது ஒரு தேங்காய் அளவுத் தலை. இதையே மணிக்கு ஒருமுறை தலை எண்ணியிருந்தால்? கோடு 15 கி.மீ.க்குச் சுருங்கிவிடும். தேடும் நேரம் ஒன்பதில் ஒரு பங்கு. செலவு ஒரு டார்ச் லைட், ஒரு பேனா, தூக்கம் கெட்ட ஒரு ஆள்.

எங்கள் குழுவில் ஒரு பையனின் அப்பா, காசிமேட்டு விசைப்படகில் நாள்கணக்கில் கடலில் தங்கித் தொழில் செய்தவர். இந்தக் கதையை அவரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை. “ராத்திரி ஒதுங்கப் போறவன் பக்கத்துல இருக்கறவன ஒரு தட்டு தட்டி எழுப்பிட்டுத்தான் போவணும்” என்றார். அவ்வளவுதான். நான் இணையத்தில் படித்த எந்தப் பாதுகாப்புக் கையேட்டையும்விட இது சுருக்கம்.

அடுத்தது மாத்திரை. நம் ஊரில் பேருந்தில் வாந்தி வந்தால் அவோமின் போடுவது வழக்கம். போடுவதாக இருந்தால் கிளம்புவதற்கு முன்னாலேயே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு விழுங்குவது வயிற்றில் நிற்காது. ஆனால் அது தூக்கக் கிறக்கம் தரும் மருந்து. பகல் முழுக்க விமானம், சரியாகச் சாப்பிடாத உடம்பு, வாந்தியால் நீர் வற்றிய நிலை, அதோடு மாத்திரைக் கிறக்கம், நடுநிசியில் வழுக்கும் தளம். நினைவு தப்பிக் கடலில் விழுவதற்கு வேறென்ன வேண்டும்? அதனால் எங்கள் திட்டத்தில் ஒரு வரி: முதல் இரவு யாருக்கு வாந்தி வந்தாலும் வாளிதான், கம்பி கிடையாது. அழகான காட்சி இல்லைதான். பரவாயில்லை.

கிளம்பும் நாள் சாப்பாட்டையும் மாற்றினேன். படாங் உணவுக்குப் பெயர்போன ஊர். தட்டுத் தட்டாக மேசையில் அடுக்கிவிட்டு, சாப்பிட்டதற்கு மட்டும் காசு வாங்கும் அந்த விருந்தை ஒருமுறை பார்த்தவர் விடமாட்டார். திரும்பி வரும் நாளுக்கு ஒத்திவைத்துவிட்டோம். போகும் நாள் சோறு, முட்டை, வாழைப்பழம். இதற்குத்தான் குழுவில் பெரிய எதிர்ப்பு வந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

மற்ற இரண்டு இரவுகள்

ஒரே ஒரு சம்பவத்தை வைத்துத் திட்டம் எழுதினால் அந்த ஒன்றுக்கு மட்டும் தயாராகிவிடுவோம். அதனால் இன்னும் இரண்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

முதலாவது 2010 அக்டோபர் 25. இரவு பத்து மணிக்குச் சற்று முன்பு பாகாய் தீவுகளுக்கு வெளியே கடலடியில் 7.7 அளவு நிலநடுக்கம். அது மெதுவாக, நீண்ட நேரம் குலுங்கிய வகை. கையால் தொட்டு ஆட்டியது போல இருந்ததால் பலர் ஓடவில்லை. அப்புறம் வந்த சுனாமியில் 400-க்கும் மேற்பட்ட தீவுவாசிகள் இறந்தார்கள். அன்று மக்காரோனிஸ் விரிகுடாவில் சர்ஃபிங் படகுகள் நங்கூரமிட்டிருந்தன. அலை ஒரு படகைத் தூக்கி இன்னொன்றின் மேல் மோதியது, தீப்பற்றியது. கடலில் குதித்த சர்ஃபர்கள் கரைக்காட்டுக்குள் அடித்துச் செல்லப்பட்டு, மரங்களைப் பிடித்துப் பிழைத்தார்கள். வெளிநாட்டுச் செய்திகளில் பெரிதாக வந்தது இந்தப் பிழைத்த கதை. இறந்த தீவுவாசிகள் எண்ணிக்கையாக மட்டும் வந்தார்கள். படிக்கும்போதே உறுத்தியது.

திட்டத்துக்கு இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது நங்கூரம். சுனாமி ஆழ்கடலில் படகுக்கு அடியில் தெரியாமல் போய்விடும். குறுகிய விரிகுடாவில்தான் சுவராக எழும். அலைக்குப் பக்கத்தில், காற்று படாத அழகான வளைவுக்குள் தூங்குவது எவ்வளவு வசதியோ அவ்வளவு பொறி. 1797-இலும் 1833-இலும் இந்தத் தொடரில் பெரும் நடுக்கங்கள் நடந்திருக்கின்றன. இன்னொன்று வரும் என்றே நிலநடுக்க ஆய்வாளர்கள் எதிர்பார்க்கிறார்கள். நடுக்கத்துக்கும் அலைக்கும் இடையில் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அதனால் படகுக்காரரிடம் கேட்க வேண்டியது இது: இரவில் படகு குலுங்கினால் நங்கூரத்தைத் தூக்கி வெளியேற எவ்வளவு நேரமாகும்? கரையில் இருந்தால், நடுக்கம் லேசாக இருந்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நீண்டால், செருப்பு தேடாமல் மேட்டுக்கு ஓட வேண்டும்.

இரண்டாவது 2023 ஆகஸ்ட் 13. இது மெந்தாவாய் அல்ல, இன்னும் வடக்கே, நியாஸ் பகுதியிலிருந்து பன்யாக் தீவுகளுக்குப் போன பயணம். ஒரு சிறிய மரப்படகில் ஆஸ்திரேலியர்கள் நான்கு பேர், இந்தோனேசியப் படகுக்காரர்கள் மூன்று பேர். புயலில் சிக்கிப் படகு மூழ்கியது. ஆஸ்திரேலியர்கள் சர்ஃப் போர்டுகளைப் பிடித்தபடி ஒன்றரை நாள் மிதந்தார்கள். 15-ஆம் தேதி மீட்கப்பட்டார்கள். படகுக்காரர்களில் இருவர் கிடைத்தார்கள், ஒருவர் கிடைக்கவே இல்லை.

போர்டு உயிர்காக்கும் மிதவையாக இருந்தது என்பதைத்தான் சர்ஃபர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டது வேறு. நம் பயணத்தில் எத்தனை பேர் என்று கேட்டால் எட்டு என்று சொல்கிறோமே, அது தப்பு. கேப்டன், எஞ்சின்காரர், சமையல்காரர், சின்னப் படகு ஓட்டும் பையன் எல்லாரையும் சேர்த்தால் பதின்மூன்று, பதினான்கு. உயிர்காப்பு மேலங்கி அத்தனை இருக்கிறதா? இரவுத் தலை எண்ணிக்கையில் அவர்களும் இருக்கிறார்களா? எங்கள் தாளில் முதலில் எட்டுப் பெயர்தான் எழுதியிருந்தேன். இப்போது கீழே ஆறு கோடுகள் காலியாக இருக்கின்றன, படகில் ஏறியதும் பெயர் கேட்டு நிரப்ப.

கருவிகள், காகிதங்கள்

செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கைக்கருவி வாங்கிவிடலாம் என்று குழுவில் ஒருவர் சொன்னார். நல்ல யோசனைதான், ஆனால் நமக்கு அதில் கண்ணி இருக்கிறது. இந்தியாவில் உரிமம் இல்லாமல் சாட்டிலைட் போனோ, கார்மின் இன்ரீச் போன்ற கருவியோ வைத்திருப்பது சட்டப்படி குற்றம். விமான நிலையங்களில் வெளிநாட்டுப் பயணிகளே இதில் மாட்டியிருக்கிறார்கள். கோலாலம்பூர் வழியாகப் படாங் போவதற்குச் சென்னை விமான நிலையத்தைத் தாண்டியாக வேண்டும், திரும்பியும் வர வேண்டும். ஆகவே கருவி படகில் இருக்க வேண்டும், நம் பையில் அல்ல. சாட்டிலைட் போன் வேலை செய்கிறதா, மூழ்கினால் தானே சமிக்ஞை அனுப்பும் ஈபர்ப் இருக்கிறதா, அதன் பேட்டரி காலாவதி தேதி என்ன, உயிர்காப்பு மிதவைப் படகு கடைசியாக எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று புகைப்படத்தோடு கேட்டோம். நாங்கள் கையோடு கொண்டுபோவது ஆளுக்கு ஒரு விசிலும், கையில் கட்டிக்கொள்ளும் ஒளிரும் விளக்கும். சில நூறு ரூபாய். 2013-இல் அந்த மனிதரைக் கடந்து போன படகுக்கு ஒரு விசில் சத்தம் கேட்டிருக்குமா என்று நினைத்துப் பார்க்கிறேன்.

காப்பீடு பற்றி ஒரே வார்த்தை: பாலிசியின் விலக்குகள் பக்கத்தைப் படியுங்கள். பல பயணக் காப்பீடுகளில் சாகச விளையாட்டு விலக்கு. தீவிலிருந்து ஆளைத் தூக்கிவரும் செலவுதான் உண்மையான செலவு, அது அடங்கவில்லை என்றால் அந்தத் தாளால் பயனில்லை. விசா இந்தியர்களுக்கு வந்திறங்கியதும் கிடைக்கிறது, அதில் சிக்கல் இல்லை.

மருந்துப் பையில் கொஞ்சம் நேரம் செலவிட வேண்டும். லான்சஸ் ரைட்டின் முடிவில் ஆழமில்லாத பாறைத் திட்டு ஒன்று இருக்கிறது. அதற்குச் சர்ஃபர்கள் வைத்த பெயர் சர்ஜன்ஸ் டேபிள், அறுவை சிகிச்சை மேசை. பவளம் கிழித்த காயத்தில் நுண்துண்டுகள் உள்ளேயே தங்கும். சுத்தமான நல்ல தண்ணீரில், மென்மையான பிரஷ் வைத்து, கண்ணில் நீர் வர வரத் தேய்த்துக் கழுவ வேண்டும். எலுமிச்சை பிழிவது அந்தப் பக்கத்துச் சர்ஃபர்களிடம் பரவலான பழக்கம், எரிச்சல்தான் மிச்சம். கழுவாமல் மறுநாளும் கடலில் இறங்கினால் மூன்றாம் நாள் சீழ், ஐந்தாம் நாள் காய்ச்சல், அப்புறம் மீதிப் பயணம் படுக்கையில். மெந்தாவாயில் மலேரியா உண்டு. தடுப்புக்கு டாக்டர்கள் எழுதும் டாக்சிசைக்ளின் வெயிலில் தோலை எளிதில் கருக்கிவிடும். நாள் முழுக்க வெயிலில் மிதக்கப் போகிறோம் என்பதை டாக்டரிடம் சொல்லித்தான் மாத்திரை வாங்க வேண்டும்.

முடிவுக்கு வந்த இடம்

இரவில் கடப்பதையே தவிர்க்க ஒரு வழி இருக்கிறது. படாங்கிலிருந்து சிபோராவின் துவாபெஜாட்டுக்குப் பகலில் விரைவுப் படகு ஓடுகிறது, சுமார் நான்கு மணி நேரம். அதில் போய் அங்கே சர்ஃபிங் படகில் ஏறிக்கொள்ளலாம். ஆனால் விரைவுப் படகு ஓடும் நாளுக்கு நம் விமானத்தைப் பொருத்த வேண்டும், படாங்கில் ஒரு இரவு கூடுதல். பேசிப் பார்த்து, கடல் ஒத்துக்கொள்ளாத இருவரை மட்டும் அப்படி அனுப்புவது என்று முடிவு. மற்ற ஆறு பேர் போர்டுகளோடு இரவில் கடப்போம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் விழித்திருக்கும் முறை வைத்து. பட்டியலைக் குழுவில் போட்டதும் கடைசிப் பையன் கேட்டான்: “அண்ணா, நாம சர்ஃப் பண்ணப் போறோமா, பட்டாளத்துல சேரப் போறோமா?”

மூன்று படகுகளுக்கு ஒரே கேள்விகளை அனுப்பியிருந்தோம். அதில் ஒன்று: நாங்கள் எல்லாரும் தூங்கும்போது உங்கள் ஆட்களில் யார் விழித்திருப்பார்? முதல் படகிலிருந்து சாப்பாட்டுப் படங்களும் ட்ரோன் வீடியோவும் வந்தன. இரண்டாவதிலிருந்து ‘கவலை வேண்டாம், எங்கள் கேப்டன் அனுபவசாலி’ என்று ஒரு வரி. மூன்றாவது கேப்டன் பதில் சொல்லாமல் திருப்பிக் கேட்டார்: யாருக்கு வலிப்பு, சர்க்கரை இருக்கிறது, யார் தூக்கத்தில் நடப்பார்கள், முதல் இரவு எத்தனை பேர் பீர் குடிப்பீர்கள்? அதற்குப் பிறகுதான் தன் ஆட்களின் முறைப் பட்டியலை அனுப்பினார். அவருக்கு முன்பணம் போட்டாயிற்று. இரவு இரண்டிலிருந்து நான்கு வரை என் முறை.